ருசி பாராத கை

கறுவாப்பட்டையை அவர் காதருகே வைத்துத்தான் முறிப்பார். வேறு யாராக இருந்தாலும் முதலில் மூக்கருகே கொண்டுபோயிருப்பார்கள். அவர் இரண்டு விரல்களால் பட்டையைப் பிடித்து, வலது காதுக்குப் பக்கத்தில் வைத்து, மெல்ல அழுத்துவார். காய்ந்த சருகு நொறுங்குவதுபோல் ஓசை வந்தால் தலையை ஆட்டிவிட்டு ஊறும் அரிசிக்குள் போடுவார். ஓசை தடித்து வந்தால் ஒதுக்கிவிடுவார். "உது எங்கடை சாமான் இல்லைப் பிள்ளை. வேறை எங்கையோ விளைஞ்சது" என்பார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரொறன்ரோ நகர மையத்தில் ஒரு மெக்சிக்க உணவகத்தின் நிலக்கீழ்ச் சமையலறையில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். நான் கோப்பை கழுவினேன். அவர் காலை ஏழு மணிக்கு வந்து, மதியம் கடை திறப்பதற்கு முன் செய்து முடிக்க வேண்டியவற்றைச் செய்தார். அவற்றுள் முதன்மையானது ஒர்ச்சாத்தா என்ற பானம். முதல் நாளே கறுவாவோடு ஊறப்போட்ட பச்சையரிசியை அரைத்து, வெள்ளைத் துணியில் வடித்து, சீனியும் பாலும் கலந்து குளிரவைப்பது. மெக்சிக்கோவில் சிறு பிள்ளைகளும் குடிக்கும் பானம். எங்கள் உணவகத்தில் அதன் ஒரு பகுதி அப்படியே மதிய மேசைகளுக்குப் போகும். மறு பகுதியில் கறுத்த றம் கலக்கப்படும். பன்னிரண்டு அகப்பைக்கு மூன்று அகப்பை. அந்தக் கலவைக்காகத்தான் மாலை நேரங்களில் மேலே வரிசை நின்றது.

"இதிலே றம் ஊற்றுவதை என் அம்மா கண்டிருந்தால் என்னை வீட்டை விட்டுத் துரத்தியிருப்பாள். ஆனால் இந்தக் கட்டடத்துக்கு வாடகை கட்டுவது என் அம்மா இல்லையே" என்று முதலாளி அம்மா சிரிப்பார். மெக்சிக்கோவின் தெற்கிலிருந்து வந்த, கனத்த உடம்பும் வேகமான நடையும் கொண்ட பெண். அவர் வாங்கும் கறுவாப் பெட்டியின் பக்கத்தில் இலங்கையின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். தங்கள் நாட்டில் இந்த மெல்லிய பட்டையைத் தவிர வேறெதையும் கறுவா என்று ஏற்க மாட்டார்கள் என்று அவர் சொன்னபோது, அண்ணை அந்தப் பெட்டியை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "எங்களை விட உது லேசா வந்து சேர்ந்திட்டுது" என்றார்.

நான் அவரை அண்ணை என்றே அழைத்தேன். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கலாம்.

மூன்று வருடங்கள் அந்தப் பானத்தைச் செய்தவர், ஒரு நாளும் அதை வாயில் வைத்துப் பார்த்ததில்லை. முதலாளி அம்மா எதையும் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைப்பார். மற்றச் சமையற்காரர்கள் சட்டைப் பையில் ஒரு கரண்டி வைத்திருப்பார்கள். அண்ணையிடம் இருந்தவை வேறு கருவிகள். வாளியின் உட்புறத்தில் ஆணியால் கீறிய மூன்று கோடுகள். சுவர் மணிக்கூடு. அகப்பையின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்து, அது மூடுவதற்கு எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று பார்ப்பார். வெள்ளைப் பீங்கானில் ஒரு சொட்டு விட்டு நிறம் பார்ப்பார். சீனியை உள்ளங்கையில் ஏந்தி, "உது ஒரு றாத்தலுக்குக் கொஞ்சம் குறைவு" என்பார். தராசில் வைத்தால் அப்படியே இருக்கும்.

"அளவு பிழைக்காட்டி ஒண்டும் பிழைக்காது." இதுதான் அவர் அடிக்கடி சொன்ன வசனம். அரிசிக்கும் சொல்வார், பஸ் நேரத்துக்கும் சொல்வார்.

நான் யாழ்ப்பாணத்தில் சமூகவியல் படித்துப் பட்டம் பெற்றவள். மனிதர் செய்யும் எதற்கும் பின்னால் ஒரு வழக்காறு இருக்கும், அதைக் கண்டுபிடித்துப் பெயர் சூட்டினால் அந்த மனிதருக்கு மரியாதை செய்தவளாவேன் என்று உறுதியாக நம்பினேன். சென் ஜேம்ஸ் ரவுணில் நான் இருந்த மாடிக் கட்டடத்தில் ஒரு சமூக அறை இருந்தது. கோப்பை கழுவிவிட்டு வந்து பின்னேரங்களில் அங்கே அமர்ந்து, எங்கள் சனங்களுக்குப் படிவங்கள் நிரப்பிக் கொடுத்தேன். எந்தச் சொல் எழுதினால் என்ன விளையும் என்று யோசித்து யோசித்தே எழுதுபவள் என்று என்னைப் பற்றி நானே பெருமைப்பட்டுக்கொண்ட காலம்.

ஒரு காலையில் அவரிடம் கேட்டேன்.

"ஏன் அண்ணை ஒருநாளும் வாயிலை வைச்சுப் பாக்கிறியள் இல்லை? குடிவகை எண்டோ?"

"றம் ஊத்த முந்தியும் பாக்கிறேல்லைத்தானே."

"அப்ப ஏன்?"

அவர் வடிதுணியைப் பிழிந்துகொண்டிருந்தார். "பழகிப்போச்சுப் பிள்ளை."

"கோயில் மடைப்பள்ளியிலை படைக்க முந்தி ருசி பாக்கமாட்டினம், மணந்தும் பாக்கமாட்டினம். அப்பிடி வந்த பழக்கமோ?"

பிழிவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். தண்ணீருக்குள் நிற்பவன் கரையிலிருந்து நீட்டப்பட்ட தடியைப் பார்ப்பது போன்ற பார்வை. இது நான் பின்னாளில் கண்டுபிடித்த உவமை. அன்றைக்கு எனக்கு அது பக்தியாகத் தெரிந்தது.

"ஓம் பிள்ளை. அப்பிடித்தான் வையுங்கோவன்" என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். மிகுதி எல்லாவற்றையும் நான் கட்டினேன். முதலாளி அம்மாவிடம் போய், கடவுளுக்குப் படைப்பதற்கு முன் சமைப்பவர் ருசி பார்க்கலாகாது என்ற எங்கள் மரபை விளக்கினேன். அவர் நெஞ்சில் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். அடுத்த முறை உணவு அட்டை அச்சிட்டபோது, அந்தப் பானத்தின் பெயருக்குக் கீழே எழுத ஒரு வரி தரும்படி என்னிடம் கேட்டார். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பழைய கோயில் மடைப்பள்ளி முறைப்படி, ருசி பாராத கைகளால் ஆக்கப்படுவது." மேசைகளில் அதை உரத்து வாசித்துக் காட்டிக் குடித்தார்கள்.

அண்ணையிடம் அட்டையைக் காட்டினேன். "வடிவாய்த்தான் எழுதியிருக்கிறியள்" என்று சொல்லி, ஈரக் கையால் தொடாமல் திருப்பித் தந்தார்.

பார்க்டேலில் எட்டு ஆண்கள் சேர்ந்து இருந்த ஒரு வீட்டில் அவர் இருந்தார். என் பெரியம்மாவின் மகனும் அதே வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணைதான் சமையல். அங்கும் அதே அளவுகள், அதே மணிக்கூடு. ஒரு ஞாயிறு மதியம் நான் போனபோது பெரியம்மா மகன் கதவைத் திறந்தான்.

"வாங்கோ, வாங்கோ. அகதியளின்ரை அம்மா வந்திட்டா. இண்டைக்கு எத்தினை போம் நிரப்பிக் குடுத்தனீ?"

"வாயைப் பொத்தடா."

"பொத்திறன். ஆனால் நீ இண்டைக்கு இஞ்சை சாப்பிடாதை. ஒரு பகிடி விட்டிருக்கிறம். பேசாமல் இருந்து பார்."

உப்புப் பேணியில் சீனியை நிரப்பி வைத்திருந்தார்கள். அண்ணை அளந்து அளந்து அந்தச் சீனியையே கோழிக்கறிக்கும் பருப்புக்கும் போட்டிருந்தார். எல்லோரும் சோற்றுக் கோப்பையோடு அமர்ந்து, சாப்பிடாமல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சோற்றைக் குழைத்தார். வழக்கம்போல ஒரு பச்சை மிளகாயைக் கடித்தார். ஒவ்வொரு நேரச் சாப்பாட்டுக்கும் நாலைந்து மிளகாய் கடிப்பவர் அவர். "உறைப்பு இருந்தால் காணும்" என்பார். ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய் என்று நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டே போனார்.

"அண்ணை, கறி எப்பிடி?" என்று ஒருவன் கேட்டான்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு. நீங்கள் ஏன் சாப்பிடாமல் இருக்கிறியள்?"

வீடே வெடித்துச் சிரித்தது. ஒருவன் சிரித்துச் சிரித்து நிலத்தில் புரண்டான். அண்ணை சுற்றிப் பார்த்தார். அவரும் சிரித்தார், எல்லோரையும் விடச் சற்றுப் பிந்தி. "பகிடி விட்டனீங்களோ? எனக்கு அப்பவே தெரியும். சாப்பாட்டை வீணாக்கக்கூடாது எண்டு பேசாமல் சாப்பிட்டனான்" என்றார். அந்தக் கோப்பையை முழுவதும் சாப்பிட்டு முடித்தார். அடுத்தவரின் விளையாட்டுப் புத்தியைக்கூடப் புண்படுத்தாத பொறுமை என்று நான் வியந்தேன். அவருடைய பொறுமையை உதாரணமாகச் சொல்லிப் பெரியம்மா மகனைத் திட்டவும் செய்தேன். கண் முன்னால் கிடந்ததை நான் காணவில்லை.

அந்த வீட்டில் அவருக்குச் சொந்தமான மூலையில், கட்டிலின் கீழே, ஒரு சப்பாத்துப் பெட்டி இருந்தது. மனைவியும் மகளும் இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தார்கள். மகளுக்கு ஒன்பது வயது. மனைவி ஒவ்வொரு வருடமும் ஒரு தாளில் மகளின் பாதத்தை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி, கடிதத்தோடு அனுப்புவார். மூன்று தாள்கள் வந்திருந்தன. அவர் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூன்று பாதங்களும் ஒன்றுக்குள் ஒன்று தெரிந்தன. கடைசித் தாளின் அளவுக்கு ஒரு சோடி பனிச் சப்பாத்து வாங்கி அந்தப் பெட்டியில் வைத்திருந்தார்.

"கேஸ் சரிவந்து, இஞ்சை நிரந்தரமா இருக்க லாண்டட் கிடைச்சால் ரெண்டு பேரையும் உடனை எடுத்திடலாம். வந்து இறங்கேக்கை கால் குளிரக்கூடாது" என்றார்.

அவருடைய அகதி விசாரணைக்கு இன்னும் திகதி வரவில்லை. மூன்று வருடங்களாகக் காத்திருந்தார்.

அந்த வருட ஆவணியில் நிலக்கீழ் அறையின் குளிர்சாதனப் பெட்டி ஓர் இரவு நின்றுபோனது. காலையில் யாரும் கவனிக்கவில்லை. முதல் நாள் வடித்து வைத்த ஒர்ச்சாத்தா புளித்து, மேலே சிறு குமிழிகள் கட்டியிருந்தது. அண்ணை கோடுகளைப் பார்த்தார், அகப்பையைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார். மேலே அனுப்பிவிட்டார். பத்து நிமிடத்தில் முதலாளி அம்மா படியிறங்கி வந்தார்.

"வாளிக்குக் கிட்டப் போனாலே மணக்கிறதே! மூக்குள்ள யாருக்கும் தெரிந்திருக்குமே! ஒரு குழந்தை குடித்திருந்தால்?"

அண்ணை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முகம் வெளிறியிருந்தது. இனிமேல் ஒவ்வொரு வாளியையும் அவரே ருசி பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்று முதலாளி அம்மா சொன்னார். அண்ணை வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். சவர்க்கார நுரை வழியும் கைகளோடு நின்று, மத நம்பிக்கையைப் பற்றியும், வேலையிடத்தில் ஒருவரின் மரபுக்கு இடமளிக்கும் கடமையைப் பற்றியும், இந்த நாட்டுச் சட்டம் தரும் உரிமையைப் பற்றியும் பேசினேன். முதலாளி அம்மா நல்லவர். கேட்டு முடித்து, பெருமூச்சு விட்டு, "சரி, நானே பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணை மறுநாளைக்கான அரிசியை அளந்து ஊறப்போட்டார். பிறகு கேட்டார்:

"என்னத்துக்குப் பிள்ளை உவ்வளவு கதைச்சனீங்கள்?"

"உங்கடை உரிமை அண்ணை அது."

"ஓம்" என்றார். "நீங்கள் நல்லதுக்குத்தான் செய்வியள்."

மாரிக் குளிர் தொடங்கும்போது அவருடைய விசாரணைக்குத் திகதி வந்தது. அவருடைய வாக்குமூலப் படிவத்தை அவர் வந்த புதிதில் வேறு யாரோ நிரப்பியிருந்தார்கள். நான் அதைக் கண்டதில்லை. காட்டும்படி கேட்கவும் இல்லை. ஆனால் நற்சாட்சிக் கடிதம் ஒன்று எழுதித் தருகிறேன் என்று முன்வந்தேன். இரண்டு பக்கம் எழுதினேன். உழைப்பு, நேர்மை, அடக்கம். அதன் பின் அந்த மரபு. உணவு அட்டையில் எழுதிய வரியைச் சற்று விரித்து, ஆங்கிலம் தளராமல் ஒலிக்க வேண்டும் என்பதற்காக, "தமது ஊர்க் கோயிலின் மடைப்பள்ளியில் பல வருடங்கள் பணியாற்றியவர்" என்று எழுதினேன். அதை அவருக்கு வாசித்துக் காட்டியபோது மற்றப் புகழ்ச்சிகளைத் தமிழில் சொன்னேன். இந்த வசனத்தை, அவருக்குத் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன். அவருடைய லோயரின் அலுவலகத்தில் யாரும் கடிதத்தைப் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கோப்பில் சேர்த்துவிட்டார்கள்.

விசாரணை அறையில் பின் கதிரையில் இருக்க எனக்கு அனுமதி கிடைத்தது. சிறிய, சாளரம் இல்லாத அறை. விசாரிப்பவர் கடுமையானவர் அல்லர். தொண்டை கட்டியிருந்ததால் அடிக்கடி தண்ணீர் குடித்தார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்:

"நீங்கள் ஊரிலை என்ன தொழில் செய்தனீங்கள்?"

"சங்கக்கடை மனேச்சர். பதினெட்டு வருசம்."

சீனியை உள்ளங்கையில் ஏந்தி நிறை சொல்லும் கை ஒரு கூட்டுறவுக் கடையிலிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"கோயில் மடைப்பள்ளியிலை எப்ப வேலை செய்தனீங்கள்?"

அவர் விளங்காமல் பார்த்தார். விசாரிப்பவர் என் கடிதத்தை உயர்த்திக் காட்டினார். மொழிபெயர்ப்பாளர் அந்த வசனத்தை வாசித்தார். அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்குப் பார்க்கும் முகம் அது. எதைச் சொன்னால் யாருக்கு என்ன ஆகும் என்று அளக்கும் முகம்.

"நான் கோயிலிலை வேலை செய்யேல்லை."

"அப்ப இந்தக் கடிதம் பொய்யா?"

"கடிதம் எழுதின பிள்ளை பொய் எழுதாது."

"கடிதம் பொய் இல்லை எண்டால், நீங்கள் போமிலை எழுதினது பொய்யா?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர் மீண்டும் கேட்டார். "மடைப்பள்ளியிலை வேலை செய்யாட்டி, ஏன் நீங்கள் ஒண்டையும் ருசி பாக்கிறேல்லை?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. அந்த ஒரு பதில் அவரைக் காப்பாற்றியிருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை.

முடிவு தபாலில் வந்தது. தமது கடந்த காலத்தைப் பற்றி நம்பத்தக்க, முன்பின் முரணில்லாத விவரத்தை இவர் தரவில்லை. தனிப்பட இவர் துன்புறுத்தப்பட்டதாகப் படிவத்தில் எதுவும் இல்லை. கொழும்பில் இவர் வாழலாம். நிராகரிப்பு. கடிதத்தை அவர் சமையலறைக்கே கொண்டுவந்து என்னிடம் தந்தார். நான் வாசித்து, தமிழில் சொல்லி, அரிசி மூட்டையின் மேல் அமர்ந்து அழுதேன். அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"அழாதையுங்கோ பிள்ளை. உங்களிலை ஒரு பிழையும் இல்லை. எனக்கு ருசி தெரியாது."

"என்ன அண்ணை?"

"மணமும் தெரியாது. ஆமிக் காம்பிலை வைச்சுப் பின்மண்டையிலை அடிச்சவங்கள். பதினொரு நாள் வைச்சிருந்தவங்கள். வெளியிலை வந்து மனிசி வாயிலை சோறு தீத்தேக்கை மண்ணைத் தீத்தினது மாதிரி இருந்தது. அதுக்குப் பிறகு எல்லாம் மண்தான். உறைப்பு மட்டும் எரியும்."

நான் எழுந்து நின்றேன். "போமிலை ஏன் அதை எழுதேல்லை? அதுதானே அண்ணை கேஸ்! அதைத்தானே அவங்கள் கேக்கிறாங்கள்!"

"மெடிக்கல் இருக்குதல்லே" என்றார், குழந்தைக்கு விளக்குவதுபோல. "நான் வந்த நேரம் எல்லாரும் சொன்னவை, உடம்பிலை ஒரு குறை எண்டு தெரிஞ்சாலும் மெடிக்கலிலை விழுத்திப்போடுவாங்கள், லாண்டட் தரமாட்டாங்கள் எண்டு. மண்டையிலை அடி எண்டால் விசர், மூளை பிசகு எண்டு எழுதிப்போடுவாங்கள் எண்டும் சொன்னவை. பிறகு மனிசியையும் பிள்ளையையும் எப்பிடி எடுக்கிறது? ருசி தெரியாதவனுக்கு இஞ்சை இந்த வேலைதான் ஆர் தருவினம்?" அடுப்புப் பக்கம் திரும்பினார். "காம்பாலை உயிரோடை விட்டவங்கள் எண்டு சொன்னால், ஏன் விட்டவங்கள், ஆரைக் காட்டிக் குடுத்தனீ எண்டு எங்கடை ஆக்களே கேப்பினம்."

அதற்குப் பின் நடந்தவை எல்லாம் நான் நடத்தியவை. ஒவ்வொன்றும் சரியான காரியம். ஒன்றும் பயன்படவில்லை. லோயரிடம் கூட்டிப்போனேன். வைத்தியரிடம் கூட்டிப்போனேன். வைத்தியர் சிறு போத்தல்களை ஒவ்வொன்றாக அவருடைய மூக்கின் கீழே பிடித்தார், நாக்கில் சொட்டு விட்டார். மண உணர்வு முற்றாக இல்லை, சுவை உணர்வு பெரும்பாலும் இல்லை, தலையில் பட்ட அடி காரணமாக இருக்கக்கூடும், உறுதியாகச் சொல்ல இயலாது என்று எழுதித் தந்தார். மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தோம். நிராகரிக்கப்பட்ட பின்னர் முதன்முறையாகக் கூறப்படும் இந்தச் சம்பவம், நிராகரிப்பைச் சமாளிப்பதற்காகப் புனையப்பட்டதாகவே தெரிகிறது என்று பதில் வந்தது. மடைப்பள்ளி பற்றிய கடிதத்தையும் அந்தப் பதிலில் மீண்டும் குறிப்பிட்டிருந்தார்கள். பொய்யை உடனே எழுதியிருந்தேன். உண்மை பிந்தி வந்தது. அவர்களுடைய இடத்தில் நான் இருந்திருந்தால் எதை நம்பியிருப்பேன் என்று பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். விடை எனக்கு ஆறுதல் தருவதாக இல்லை.

அவருடைய கடைசி வேலை நாள் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. வெளியே பனி கொட்டியது. பட்டையைக் காதருகே முறித்தார், அரைத்தார், வடித்தார், கோடு பார்த்தார். பன்னிரண்டுக்கு மூன்று என்று றம் கலந்தார். பிறகு, ஒரு நாளும் செய்யாததைச் செய்தார். இரண்டு கிளாஸ்களில் ஊற்றி ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"குடிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ பிள்ளை. எனக்கு இது என்ன மாதிரி எண்டு தெரியவேணும்."

அவர் தம்முடையதை ஒரே மூச்சில் குடித்தார். கண்ணை மூடிக் காத்திருந்தார். "நெஞ்சு எரியுது. குளிர்ந்துபோய் எரியுது. வேறை ஒண்டும் இல்லை" என்றார்.

நானும் குடித்தேன். எல்லோருடைய வாழ்க்கையையும் எனக்குத் தெரிந்த வார்த்தைகளில் எழுதிக் கொடுத்தவள் நான். ஒரு கிளாஸ் பானத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பால்கஞ்சி மாதிரி அண்ணை" என்றேன் கடைசியில். "பால்கஞ்சியைக் குளிர வைச்சு, கறுவாவும் சீனியும் போட்ட மாதிரி."

"பால்கஞ்சியோ?" அவர் வியப்போடு கிளாஸின் அடியைப் பார்த்தார். "உவ்வளவுதானோ? சனம் வரிசையிலை நிண்டு குடிக்குது, என்னவோ வேறை சாமானாக்கும் எண்டு நினைச்சன்." பிறகு, மெல்ல: "சீனி காணுமோ?"

போதாது. அன்றைக்கு அவர் சீனி போடவே இல்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அளவு பிழைத்திருந்தது. றம்மின் காரமும் அரிசியின் வெறுமையுமாக அது நாக்கில் நின்றது.

"காணும் அண்ணை. அளவு சரி" என்றேன்.

அவர் திருப்தியோடு தலையை ஆட்டினார். அவர் பார்க்காத நேரத்தில் நான் வாளியில் சீனியைப் போட்டுக் கலக்கினேன்.

மிசிசாகாப் பக்கம் விமான நிலையத்துக்குப் போகும் நாளில் அவரை அழைத்துப்போகப் பெரியம்மா மகன் ஒரு கார் ஒழுங்கு செய்திருந்தான். நான் பார்க்டேல் வீட்டுக்குப் போனேன். அவருடைய பயணப்பையில், உடுப்புகளுக்கு நடுவே, அந்தப் பனிச் சப்பாத்துகள் இருந்தன.

"கொழும்பிலை உது என்னத்துக்கு அண்ணை?" என்று பெரியம்மா மகன் கேட்டான். இந்தத் தடவை அவன் குரலில் பகிடி இல்லை.

"அவளின்ரை அளவுக்கு வாங்கினது" என்றார். "இஞ்சை விட்டால் ஆருக்கும் பொருந்தாது."

கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. லொட்ஜ் ஒன்றில் இருப்பதாகவும், வன்னிக்குப் போகப் பாஸ் கேட்டிருப்பதாகவும், என்னைக் கவலைப்பட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். என்னுடைய பதில் கடிதம், பெறுபவர் அங்கே இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதன் பின் எழுதிய இரண்டும் திரும்பிக்கூட வரவில்லை.

நான் அந்த உணவகத்தை விட்டு விலகினேன். இரண்டு மாரி கழிந்து ஒரு நாள், அந்தத் தெருவால் நடந்து போகையில், வாசல் கண்ணாடிக்குள் உணவு அட்டையைக் கண்டேன். புதிய அட்டை, புதிய எழுத்து. விலைகள் மாறியிருந்தன. அந்தப் பானத்தின் பெயருக்குக் கீழே என் வரி மட்டும் ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண் அதை விரலால் தொட்டுத் தன் தோழிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். பரிமாறுபவர் வந்ததும் இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினாள்.